முதல் பல்லும் மூன்று தாய்மாமன்களும்

புத்திக்குளம் என்ற ஊரில் குளம் கிடையாது. மற்றதும் கிடையாது. அந்த ஊரில் பேச்சிமுத்து, வண்டிமலை, தளவாய் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. யாரும் பெண் கொடுக்கவில்லை என்பதிலிருந்தே, அக்கம்பக்கத்து ஊர்களில் கொஞ்சம் விவரமானவர்களும் இருந்தார்கள் என்று தெரிகிறது.

தாய் தகப்பன் இல்லாத வீடு. ஒரே தங்கை முப்புடாதி. மூன்று பேருக்கும் அவள் என்றால் உயிர். பேறுகாலத்துக்கு வந்தவள் ஆண்பிள்ளை பெற்றாள். பிள்ளை தவழுகிற காலம் வந்த பிறகும் அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவன் வந்து கூப்பிடும்போதெல்லாம், "பிள்ளை இன்னும் நடக்கலையே மாப்ளே, அவ்வளவு தூரம் எப்படி வரும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் பிள்ளை எச்சில் ஒழுகக் கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தது. பாயைக் கடித்தது. தளவாயின் காதைக் கடித்தது. முறம் இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மரகதம் அதன் வாயைத் திறந்து பார்த்தாள்.

"ஈறு தடிச்சிருக்கு. இன்னைக்கோ நாளைக்கோ பல்லு முளைச்சிரும். பாத்துக்கிடுங்க தம்பிமாரே, மேல்பல்லு மொதல்ல முளைச்சா தாய்மாமனுக்கு ஆவாதும்பாங்க."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் தம்பிகள் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ஆவாதுன்னா என்னண்ணே?" என்று கேட்டான் தளவாய். "எனக்கு வாழைக்கா ஆவாது. அது மாதிரியா?"

"அது வயித்துக்கு ஆவாதுல. இது உசுருக்கு ஆவாது," என்றான் மூத்தவன் பேச்சிமுத்து.

"நாம மூணு பேரு இருக்கோமே, யார் உசுருக்கு?"

"தாய்மாமனுக்குன்னுதான் மரகதக்கா சொன்னா. தாய்மாமன்மாருக்குன்னு சொல்லல. அப்ப ஒருத்தனுக்குத்தான்."

போன மாதம் கோயிலில் மொட்டை போட்டபோது, பிள்ளையை யார் மடியில் வைப்பது என்று இந்த மூன்று பேரும் கட்டிப் புரண்டார்கள். கடைசியில் நாவிதர் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மொட்டை போட்டார். இன்றைக்கு என்னவென்றால் ஒருவருக்கொருவர் பணிவு பொங்கி வழிந்தது. "மூத்தவன் நீ இருக்கையில நான் எப்படிண்ணே தாய்மாமன் ஆவேன்?" என்றான் வண்டிமலை. "கடைக்குட்டிக்குத்தான் எல்லாத்திலயும் சலுகை உண்டு," என்றான் பேச்சிமுத்து. தளவாய், தான் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

வண்டிமலைதான் வழி கண்டுபிடித்தான். "முளைக்குதுன்னா என்ன அர்த்தம்? விதை மாதிரிதானே! ஈரம் இருக்க இடத்துல மொதல்ல முளைக்கும். கீழ ஈறுக்குத் தண்ணி பாய்ச்சுவோம். மேல ஈறைக் காயப் போடுவோம்."

வேலை உடனே ஆரம்பமானது. வண்டிமலை சங்கில் தண்ணீர் எடுத்துக் கீழ் ஈறில் சொட்டுச் சொட்டாக விட்டான். தளவாய் ஓலை விசிறியால் மேல் ஈறுக்கு விசிறினான். முளையைக் கொத்திவிடக் கூடாதே என்று பேச்சிமுத்து தெருவிலிருந்த கோழிகளையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சிரித்தது.

இதற்குள் முப்புடாதி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். "தண்ணி எடுத்திட்டு வாரேன். பிள்ளையைப் பாத்துக்கிடுங்க."

மூன்று பேரும் பார்த்தார்கள். கண் இமைக்காமல் பார்த்தார்கள். பாயில் கிடந்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தது. பார்க்கத்தான் சொன்னாளே தவிர, தூக்கச் சொல்லவில்லை. ஆகவே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கால்மாட்டில் நின்று பார்த்த வண்டிமலையின் மூக்கில் பிள்ளை ஓர் உதை விட்டது. அதற்குப் பிறகு மூன்று பேரும் பத்திரமாகத் தலைமாட்டுக்குப் போய் நின்று குனிந்து பார்த்தார்கள்.

பிள்ளை வாய் பிளந்து கத்தியபோது, உள்ளே நொய்யரிசி போல ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"பல்லு!" என்றான் தளவாய்.

"மேலயா, கீழயா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"மேலதாண்ணே."

தலைமாட்டில் நின்று பார்த்தால் கீழ் மேலாகவும் மேல் கீழாகவும் தெரியும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பிள்ளையின் மோவாய் மேலேயும் நெற்றி கீழேயும் இருப்பதைக்கூட அவர்கள் கவனிக்கத்தான் செய்தார்கள். அழுகிற பிள்ளைக்கு முகம் அப்படித்தான் கோணும் என்று வண்டிமலை விளக்கம் சொல்லிவிட்டான்.

பேச்சிமுத்து பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். "இவன் மாமான்னு கூப்பிடுதத ஒரு தடவ கேக்காமலே போயிருவேன் போலிருக்கே," என்று தேம்பித் தேம்பி அழுதான். பாவம், அந்த அழுகையில் துளியும் பொய் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தம்பிகளும் சேர்ந்து அழுதார்கள்.

"அண்ணே, நீ ஒருத்தனா ஏன் சாவணும்?" என்றான் தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மரகதக்கா சொன்னது ஒரு சாவுதானே. அதை மூணு பங்கு வச்சிருவோம். வாய்க்கால் தண்ணியை முறை வச்சிப் பாய்ச்சுதோம்லா, அது மாதிரி. காலையில நீ சாவு. மத்தியானம் வண்டிமலை அண்ணன். சாயந்தரம் நான்."

"ஆளுக்குக் கொஞ்சம் செத்தா ஒருத்தருக்கும் பாரம் இருக்காது," என்று ஒப்புக்கொண்டான் வண்டிமலை.

பேச்சிமுத்து தெற்கே தலை வைத்துப் படுத்தான். வண்டிமலை முறைப்படி அவன் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு வாயைக் கட்ட வந்தான்.

"வாயைக் கட்டினா நான் எப்படிப் பேசுவேன்?"

"செத்தவன் பேசுவானாண்ணே?"

"மூணுல ஒரு பங்குதானல சாவுதேன். மிச்ச ரெண்டு பங்கு பேசும்."

நியாயமாகத்தான் இருந்தது. வண்டிமலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்களைப் பெறாத அப்பனே!" என்று ஒப்பாரி வைத்தார்கள். "சத்தமா அழுங்கல, தெருவுக்குக் கேக்க வேண்டாமா?" என்றது பிணம்.

தெருவுக்கு நன்றாகவே கேட்டது. குடத்தோடு வந்த முப்புடாதிக்கும் கேட்டது. அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கால் கட்டிய நிலையில் அண்ணனைக் கண்டதும், "ஐயோ, என் அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

"அழாத தாயி," என்றான் பேச்சிமுத்து அன்பாக. "மத்தியானம் எந்திரிச்சிருவேன்."

விஷயத்தை அவளுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, வாயைத் திறந்து பார்த்தாள். "மூணு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? கீழ்ப்பல்லுதானே முளைச்சிருக்கு!"

பிணம் உட்பட மூவரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். பல் கீழேதான் இருந்தது. வண்டிமலை பிள்ளையை வாங்கிப் பாயில் படுக்க வைத்துத் தலைமாட்டில் நின்று பார்த்தான். பல் மேலே இருந்தது. தூக்கி உட்கார வைத்தான். கீழே இருந்தது.

"படுத்தா ஏறுது, உக்காந்தா இறங்குது," என்றான் மெதுவாக. "கிணத்து வாளி மாதிரி."

"அப்ப பிள்ளை தூங்குத நேரமெல்லாம் நமக்குக் கண்டம்தான்," என்று பேச்சிமுத்து மறுபடியும் படுத்துக்கொண்டான். "பாதியில எந்திரிச்சேன்னா என் பங்குச் சாவும் தம்பிங்க தலையில விழுந்திரும். அப்படிப்பட்ட அண்ணன் நான் இல்ல."

முப்புடாதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். கழுதைக்குக் காதிலே உபதேசம் சொன்னாலும் அது கத்துகிற கத்தலைத்தான் கத்தும் என்பார்கள். ஆனாலும் பெற்ற பிள்ளைக்கு முதல் பல் முளைத்த சந்தோஷத்தை யார் தடுக்க முடியும்? பல்லுக் கொழுக்கட்டை அவிக்க மாவு பிசைந்தாள்.

"சாவு வீட்டுல அடுப்பு எரியக் கூடாதே," என்றான் வண்டிமலை.

"முழுச் சாவுன்னாதான் கூடாது," என்றது பிணம். "அடுப்பைச் சின்னதா எரியவிடச் சொல்லு."

பிள்ளை தலையில் கொழுக்கட்டை கொட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து கூடிவிட்டன. வெல்லமும் தேங்காயும் வேகிற வாசனை வீட்டைத் தூக்கியது. பேச்சிமுத்து காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏல தளவாய், எனக்கு வாய்க்கரிசி போடலையேல?"

தளவாய் ஒரு பிடி பச்சரிசி கொண்டுவந்தான்.

"இது வேண்டாம். கொழுக்கட்டையும் அரிசிதானே, அதுல ரெண்டு போடு."

"அவிச்சதைப் போட்டா வாய்க்கரிசி ஆவுமாண்ணே?"

"இடிச்சு அவிச்சா அரிசி அரிசி இல்லன்னு ஆயிருமா?"

இப்படி வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே முப்புடாதி பிள்ளையை மணையில் உட்கார வைத்து, சிறு சிறு கொழுக்கட்டைகளை அதன் தலையில் சொரிந்தாள். பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கின. கொழுக்கட்டைகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பேச்சிமுத்து பார்த்தான். கடைசிக் கொழுக்கட்டை உருண்டு நிலைப்படிப் பக்கம் போனபோது அவனால் செத்துக் கிடக்க முடியவில்லை. துள்ளி எழுந்து பாய்ந்தான். கால் விரல்கள் கட்டியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகம் நேரே நிலைப்படியில் போய் மோதியது.

எழுந்து உட்கார்ந்தபோது முன்பல் ஒன்று தரையில் கிடந்தது.

"ஐயோ அண்ணே, மேல்பல்லு போச்சே!" என்று அகப்பையோடு ஓடிவந்தாள் முப்புடாதி. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வண்டிமலை பல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, இது எங்க இருந்துது?"

"மேல."

"இப்ப எங்க கிடந்துது?"

"கீழ."

"அப்ப இது கீழ்ப்பல்லு ஆயிட்டு. கண்டம் கழிஞ்சிட்டுண்ணே!"

பேச்சிமுத்து வாயிலிருந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு ரத்த வாயோடு "ஓ" என்று கூவி, பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக் கொண்டாடினான். மாமன் வாயிலிருந்த ஓட்டையைப் பார்த்து மருமகப்பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. செத்துப் பிழைத்தவனின் சந்தோஷம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பிகள் இருவருக்கும்தான் முகம் வாடிவிட்டது. வண்டிமலை நாக்கால் தன் மேல்பற்களைத் தடவிப் பார்த்தான். எல்லாம் கெட்டியாக இருந்தன. தளவாய்க்கும் அப்படியே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்து தங்கைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்தார்கள்.

"எங்களுக்கும் ஒவ்வொண்ணு தட்டி விட்டிரு தாயி," என்றான் வண்டிமலை.

முப்புடாதி கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள். அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். அதைக் கீழே போட்டுவிட்டு உலக்கையை எடுக்க உள்ளே போனாள்.

"பாத்தியாண்ணே," என்றான் தளவாய், திறந்த வாயை மூடாமலே. "நம்ம உசுரு மேல அவளுக்கு எவ்வளவு அக்கறை!"