நூல் கட்டிய பானை

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிறிய மடம். பனங்கற்கண்டு விற்றுத்தான் அங்கே உலை கொதித்தது. மடத்தை நடத்திய சின்னத்தாய்க்கு வயது நாற்பது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சேர்மத்துரைக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

வந்த அன்றே அவர் கேட்டார்.

“எம் மவ எப்பம்மா எங்கிட்டப் பேசுவா?”

மகள் புனிதா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது, “நீ எனக்குச் செத்துட்டே” என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் அவர். மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது தினமும் காலையில் போன் போடுகிறார். அவள் எடுப்பாள், கேட்பாள், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவாள்.

சின்னத்தாய் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் பதநீர் பாகாகியிருந்தது. உள்ளே நூல் கட்டிய இரண்டு பானைகளில் அதை ஊற்றி, வாயை மூடி, கழுத்து வரை மண்ணில் புதைத்தாள்.

“நாப்பது நாளு. இடது பக்கத்துப் பானை உங்க பொறுப்பு அண்ணாச்சி.”

“நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது.”

முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் படியில் நின்று எட்டிப் பார்த்தே பழகிய மனுஷர். சும்மா இருக்க முடியுமா? தினமும் போனை வைத்ததும் நேரே பானைக்குப் போவார். மூடியைத் திறப்பார். நூலைத் தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் காணோமே என்று குச்சியை விட்டு ஒரு கலக்குக் கலக்குவார்.

நாற்பதாம் நாள் இரண்டையும் தோண்டி எடுத்தார்கள். அவளுடைய பானையில் நூல் முழுக்கக் கட்டி கட்டியாகக் கற்கண்டு. அவருடையதில் அடியில் மணல் மாதிரிப் பொடி. நூலில் நாலு பொட்டு ஒட்டியிருந்ததோடு சரி.

“ரெண்டும் ஒரே பாகுதானம்மா?”

“ஒரே பாகுதான். சூட்டுல கரைஞ்ச இனிப்பை ஆறின தண்ணி தாங்காது. எப்படியும் வெளிய விட்டுரும். மெதுவா வந்து ஒக்கார அதுக்கு ஒரு எடம் வேணும். அதான் நூல். நீங்க கலக்கினதுல பதறிப்போய்க் கண்ட எடத்துல உதிர்ந்துட்டு.”

அவர் முகம் சுண்டிப்போனது. “கெடுத்துட்டேனா?”

“தண்ணி விட்டுக் காய்ச்சினா மறுபடி கரைஞ்சிரும். வெறகுதான் கூட ஆகும்.”

பொடியை வழித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

“போன்ல தினமும் என்ன சொல்லுவீங்க?”

“‘ஏளா, பேசினா என்ன கொறைஞ்சா போயிருவே’ன்னு கேப்பேன்.”

“வேற?”

“வேறன்னா?”

சின்னத்தாய் ஒரு புது நூல்கண்டை அவர் கையில் வைத்தாள்.

அதன் நுனியைப் பிரித்து விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்ப் போன் போட்டார்.

“புனிதா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு தாயி.”

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ‘ஏளா’ என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார். முதல்முறையாக, அவரே போனை வைத்தார்.

மறுநாள் காலை கை பரபரத்தது. போனும் கையுமாக அடுப்படிக்கு வந்தார். நூல் கட்டிய பானையில் பாகை ஊற்றிவிட்டுச் சின்னத்தாய் நிமிர்ந்தாள்.

“நேத்து அவளுக்குச் சரியாக் கேட்டுச்சோ என்னவோ. இன்னொரு தடவை சொல்லிரட்டுமாம்மா?”

அவள் மூடியை அவரிடம் நீட்டினாள்.

“நூல் உள்ளேதான் இருக்கு. மூடுங்க அண்ணாச்சி.”