டப்பாவுக்குள் யானை

"சாமி, என் பொண்ணு பட்டினி கிடக்கறா" என்றான் கோவர்த்தனன்.

மௌனசாமி வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அரைநாள் விளக்கம் சொல்வார். அன்றைக்கு மட்டும் ஒரே வார்த்தை.

"சோறில்லையா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லிடாதீங்க! விடியறதுக்கு முன்னாடியே அடுப்படியில நிக்கறேன். இட்லியைச் செதுக்கி முயல் பண்றேன். அதுக்குப் பீட்ரூட்ல ஒரு குடை. நேத்து தயிர்சாதத்துல யானை. மிளகுலதான் கண்ணு. தெருவே வாயைப் பொளந்துடுச்சு சாமி!"

"யானை என்னாச்சு?"

"சாயங்காலம் திரும்பி வந்துடுச்சு."

"நடந்தா?"

"டப்பாவிலதான் சாமி. கண்ணுகூட அலுங்கல. இவ ஸ்கூல் வேன்லயே சுருண்டு தூங்கிடறா. எடை குறைஞ்சுட்டே போகுதுங்கறார் டாக்டர். என்னன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

பக்கத்தில் நின்ற குயிலிக்கு ஐந்து வயது. யூகேஜி. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் குனிந்து காதைக் கொடுத்தார்.

அவள் குசுகுசுவென்று நெடுநேரம் சொன்னாள். குரலை மாற்றி மாற்றிச் சொன்னாள். ஓர் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சாமியாரின் தொப்பை குலுங்கியது.

"நாளைக்கு மடத்துல சாப்பாடு. ரெண்டு பேரும் வாங்க" என்றார் கோவர்த்தனனிடம். "நீ மட்டும் காலையில பச்சைத்தண்ணிகூடக் குடிக்காம வா."

மறுநாள் உச்சிவேளைக்குக் கோவர்த்தனனின் வயிறு தனியாகவே பேச ஆரம்பித்திருந்தது.

குயிலிக்கு ஓர் இலை. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வைத்தார்கள், போனார்கள். அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோவர்த்தனன் இலையில் யானையே வந்து இறங்கியது. நெய்ச்சாதத்தில் உடம்பு. அப்பளக் காது. மிளகுக் கண். முருங்கைக்காய்த் தும்பிக்கை. நெற்றியில் ஊறுகாயால் இழுத்த நாமம்.

கை இலைக்குப் போனது. பாதியில் நின்றது.

"தப்பா நினைக்காதீங்க சாமி. தும்பிக்கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டா, ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கும்."

தூக்கினான். காது சாய்ந்தது. காதை நிமிர்த்தினான். நாமம் கலைந்தது. அதையும் சரிசெய்து, தலையைச் சாய்த்து ரசித்து, ஒருவழியாகக் கை நீட்டினான்.

"குட்டீஸ்!"

கீச்சென்று ஒரு குரல். சாமியாருடையதுதான், மூக்கு வழியாக வந்தது.

"எல்லாரும் வாங்க! குயிலி அப்பா என்ன செஞ்சு குடுத்திருக்காங்க பாருங்க! லைன்ல வரணும்!"

தாடியும் ருத்திராட்சமுமாகச் சீடர்கள் வரிசையில் வந்தார்கள்.

"மிஸ், இவன் என்னைத் தள்றான் மிஸ்!"

"ஐ, யானை! டேய், அந்தக் கண்ணு மிளகுடா!"

"காது மட்டும் எனக்குத் தர்றியா? நான் உனக்கு ஸ்டிக்கர் தர்றேன்."

"ஒரு வாய் சாப்பிட்டுக்கறேனே..." என்றான் கோவர்த்தனன்.

"தொடாதே, கலைஞ்சிடும்!" அதே கீச்சுக்குரல். "பக்கத்து கிளாஸ் மிஸ் இன்னும் பார்க்கல."

இலையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு கிளம்பினார்கள். சமையல்கட்டுக்குக் காட்டினார்கள். கிணற்றடிக்குக் காட்டினார்கள். மாட்டுக் கொட்டகைக்கும் காட்டினார்கள். அது சாப்பாடு என்று மாட்டுக்கு மட்டும்தான் தோன்றியது. நல்லவேளை, கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள்.

யானை ஒற்றைக் காதோடு திரும்பி வந்தது.

"இப்போ ஃபோட்டோ! கீழே பார்க்காதே, இங்கே பாரு. சிரி. பல்லு தெரியலையே, இன்னும் கொஞ்சம்..."

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாமம் இருந்த இடத்தில் விரல்களைக் குவித்து ஒரு கவளம் உருட்டினான்.

டாண் டாண் டாண்.

மடத்து மணியை இடது கையால் அடித்துக்கொண்டிருந்தாள் குயிலி. வலது கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

"பெல் அடிச்சாச்சு" என்றார் சாமியார். "டப்பாவை மூடு. ரைம்ஸ் புக்கை எடு."

"சாமி, நான் இன்னும் ஒரு வாய்கூட..."

"பேச்சு பேசாதே! வாயில விரல் வை!"

கவளத்தைப் போட்டுவிட்டு வாயில் விரலை வைத்தான். விரலில் நெய் மணத்தது.

அப்போதுதான் மகளின் இலை கண்ணில் பட்டது. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வறுவல் இருந்த இடமே தெரியவில்லை.

திரும்பித் தன் இலையிலிருந்த யானையைப் பார்த்தான்.

"சாமி," வாயிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டான், "நாளைக்கு டப்பாவில என்ன வைக்கட்டும்?"

யானையின் மிச்சமிருந்த காதை ஒடித்து மென்றபடி மௌனசாமி திருப்பிக் கேட்டார்:

"யாருக்கு?"