செவ்வாய்ப் பனிக்குச் சிலந்தி வந்த கதை

அந்தக் காலத்தில் பறவை பேசும், பூச்சி பேசும், மனிதர்களும் இப்போது போலவே தேவைக்கு மேல் பேசுவார்கள். வானமும் இவ்வளவு உயரத்தில் இல்லை. றெக்கையில் தெம்பு இருந்தால் செவ்வாய் வரைக்கும் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் யாரும் சாக மாட்டார்கள். நடுவில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். பயந்த சுபாவம் உள்ளவர்களும் தாராளமாக உட்காரலாம்.

கூழைக்குளம் என்று ஓர் ஊர். அந்தக் குளத்துக்கு ஆண்டுதோறும் வரும் கூழைக்கடா ஒன்றுக்கு ஊர்சுற்றும் புத்தி. செவ்வாயை நாலு வட்டம் அடித்து, கீழே கண்டதையெல்லாம் தன் அலகுப் பையில் இருக்கும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரை அகலமான வெண்கலத் தட்டில் ஊற்றினால் செவ்வாயின் மலையும் மணலும் அசையாமல் அப்படியே தெரியும். தூக்கிக்கொண்டு வருவதோடு சரி. இது என்ன, அது என்ன என்று கேட்டால் கூழைக்கடா அலகை மூடிக்கொள்ளும்.

அதைச் சொல்வதற்கு முப்பிடாதி இருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். தட்டில் தெரிவது மணல்மேடா, காய்ந்த ஆறா என்று அவள் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

தட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. கரையில் தட்டை வைத்துவிட்டால் ஊரே அதன் தெற்குப் பக்கம்தான் உட்கார வேண்டும். வடக்குப் பக்கம் கூழைக்கடா நிற்கும் இடம். அங்கே மனிதர் போய் உட்கார்ந்தால் தட்டு கோபித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். யார் சொன்னது, தட்டு கோபித்தால் என்ன செய்யும் என்று கேட்க அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் கூழைக்கடா செவ்வாயின் தென்கோடிக்குப் போனது. அங்கே குளிர்காலம் முழுக்கப் பனி படிந்து கிடக்கும். போனது குளிர் முடிந்து வெயில் திரும்புகிற நேரம். திரும்பி வந்து தண்ணீரை ஊற்றியதும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பனியின் மேல் புடைத்த உடம்போடு, நாலாபக்கமும் கால்களை விரித்துக்கொண்டு, ஒன்றல்ல இரண்டல்ல, பத்துப் பதினைந்து உருவங்கள்.

"சிலந்தி" என்றாள் முப்பிடாதி. "ஒவ்வொண்ணும் நம்ம குளம் அகலத்துக்கு இருக்கு."

மறுமாதம் வந்த தண்ணீரில் நூறு தெரிந்தன. கால்கள் நீண்டிருந்தன. பக்கத்திலெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தீற்றல் வேறு. பனியைத் தின்று துப்பியிருக்கின்றன என்று ஒருவர் சொன்னார். பனி தீர்ந்ததும் நூல் விட்டு நம் ஊருக்குத்தான் இறங்கும் என்று இன்னொருவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் பாதி ஊர் சட்டிபானையைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டது.

தலையாரி பேச்சிமுத்துவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வாயும் கையும் ஒன்றையொன்று முந்தும் ஆள். "வீட்டுக்கு வீடு சுவத்துல உக்காந்திருக்கே, அது யாரு? மேல இருக்கிறவளுக்குச் சொந்தக்காரிதான? இங்க இருந்து துப்பு சொல்லுதவ இவதாம்" என்றான். நாளை உச்சிப் பொழுதுக்குள் ஊரில் உள்ள சிலந்தியெல்லாம் விளக்குமாற்றால் கூட்டித் தீயில் போட வேண்டும் என்று முடிவாயிற்று.

முப்பிடாதியின் அடுப்படிச் சுவரில் ஒரு சிலந்தி இருந்தது. வலை கட்டாத சாதி. ராப்பகலாகக் கரப்பான்பூச்சி பிடித்துத் தின்றுகொண்டு, அவளோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. அப்போது அதற்கு முட்டைக்காலம். புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பையை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தது. அந்தப் பையோடு அதனால் ஓட முடியாது, போட்டுவிட்டு ஓட மனமும் இல்லை. விடிந்ததும் பேச்சிமுத்து முதலில் பிடித்துக்கொண்டு வந்தது அதைத்தான். தட்டுப் பார்க்கிறவள் வீட்டிலிருந்தே தொடங்கினால்தான் நியாயம் என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

எவரையும் தண்டிக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்பது அந்த ஊர் வழக்கம். ஊர்க்காரர்கள் பக்கத்தில் சிலந்தியை வைக்க முடியாது, பெண்கள் அலறுவார்கள். அதனால் அதைத் தட்டின் வடக்கு விளிம்பில், கூழைக்கடாவின் காலடியில் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சி உட்கார்ந்தால் தட்டு கோபிக்குமா என்பது பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

"என்ன சொல்லுத?" என்றான் பேச்சிமுத்து. கையில் விளக்குமாறு.

"ஐயா, நான் செவ்வாய்க்குப் போனதும் இல்ல, அங்க எனக்கு நாதியும் இல்ல. நாளைக்கோ நாளக்கழிச்சோ என் குஞ்சுக பொரிஞ்சிரும். அது வரைக்குமாவது விடுங்க."

"ஒன் கண்ணு முன்னாலதான தட்டு இருக்கு? ஒன் இனத்தைப் பாரு!"

சிலந்தி குனிந்து பார்த்தது. நன்றாகப் பார்த்துவிட்டு, "எங்க? இங்க வெறும் குழிதான இருக்கு" என்றது. "நடுவுல ஒரு பள்ளம். அதைச் சுத்தி வாய்க்கா வாய்க்காவா ஓடுது. சிலந்தி ஒண்ணையும் காணோமே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கா!" என்றான் பேச்சிமுத்து. விளக்குமாற்றை ஓங்கினான்.

முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தட்டை இன்னொரு தடவை பார்த்தாள். புடைத்த உடம்பு, புடைத்த கால். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிலந்தி தன்னிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சாகப்போகிற நேரத்தில் பொய் சொல்கிறவள் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்ல மாட்டாளா? மனசு கேட்கவில்லை. எழுந்தாள்.

"எக்கா, எங்க போறிய? அந்தப் பக்கம் போனா தட்டு கோவிச்சுக்கிடும்!"

"கோவிச்சா நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன். நீ கையைக் கீழ போடு."

அவள் தட்டைச் சுற்றிப் போனாள். சிலந்தியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். புடைத்திருந்த உடம்பெல்லாம் உள்ளே அமுங்கிப் பள்ளமாகிவிட்டன. கால்களெல்லாம் தரையில் வெட்டிய வாய்க்கால்கள். அதே தண்ணீர், அதே படம், ஒரு துளி அசையவில்லை.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

ஒருவர் பின் ஒருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பேச்சிமுத்து தெற்கே போய்ப் பார்த்தான், வடக்கே வந்து பார்த்தான், மறுபடி தெற்கே ஓடினான். மூன்று தடவை சுற்றியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "எக்கா, அங்க நின்னா மேடு. இங்க நின்னா குழி. இதுல எது நெசம்?"

"எனக்கும் தெரியலடே" என்றாள் முப்பிடாதி. தட்டுப் பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.

அவள் எழுந்துபோய் ஈரமணலில் ஒரு குழி தோண்டினாள். அள்ளிய மண்ணைப் பக்கத்திலேயே மேடாகக் குவித்தாள். வெயில் கிழக்கே இருந்தது. மேட்டுக்குக் கிழக்குப் பக்கம் வெளிச்சமாகவும் மேற்குப் பக்கம் நிழலாகவும் இருந்தன. குழியில் அதற்கு நேர்மாறு. கிழக்குச் சுவர் இருண்டு, மேற்குச் சுவர் பளிச்சென்று கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூழைக்கடாவிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"நான் தூக்கிட்டு வாரவன். அர்த்தம் சொல்லுதவன் இல்ல."

"அர்த்தம் நான் பாத்துக்கிடுதேன். நீரு மேல இருந்து பாக்கும்போது வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

கூழைக்கடா கண்ணை உருட்டியது. "அட, இத்தனை வருசத்துல இதை ஒருத்தரும் கேக்கலையே!" என்று சொல்லிவிட்டு, நீண்ட அலகால் தட்டின் தெற்கு விளிம்பைத் தட்டியது. "இந்தா, இந்தப் பக்கம். நீங்க வழக்கமா உக்காருத பக்கம்."

முப்பிடாதி குனிந்தாள். ஒவ்வொரு காலுக்கும் தெற்கு ஓரம்தான் இருட்டாக இருந்தது, வடக்கு ஓரம் வெளிச்சமாக இருந்தது. வெயில் பக்கம் இருட்டு.

"குழி!" என்று கத்தினாள். "குழிதாம்லே! ஒரு சிலந்தியும் இல்ல! வெயில் எதிர்த்தாப்புல இருந்து அடிக்குதுனு நாமளா நினைச்சுக்கிட்டோம். அது நம்ம முதுகுக்குப் பின்னால இருந்து அடிச்சிருக்கு!"

பேச்சிமுத்துவுக்குப் பயம் முழுசாக இறங்கவில்லை. "அப்ப அந்தக் கறுப்புத் தீற்றல்? மாசாமாசம் வளருதே, அது?"

"அண்ணாச்சி, அந்தப் பனி எப்படி இருக்கும்?"

"கண்ணாடி கணக்கா இருக்கும். அடியில கெடக்குற மண்ணு தெரியும்."

முப்பிடாதி சிரித்துவிட்டாள். "ஏலே பேச்சி, சோத்துப் பானை மூடி ஏன் குதிக்கி? உள்ள இருக்க ஆவி வெளிய வர வழி தேடுது. பனி வழியா வெயில் உள்ள போயி மண்ணைச் சுடுது. அடிப்பனி ஆவியாகுது. போக வழியில்லாம மண்ணைப் பறிச்சுக்கிட்டு ஓடுது, அந்தத் தடந்தான் வாய்க்கா. எங்க பொத்துக்கிட்டு வருதோ, அங்க புழுதியை அள்ளி வீசுது. பாரு, தீற்றலெல்லாம் ஒரே பக்கம் விழுந்திருக்கு, காத்து அடிச்ச பக்கம். வெயில் ஏற ஏற நூறாகும், ஆயிரமாகும். தின்ன வாரதுக்கு அங்க வாயே கிடையாது!"

அப்பாடா என்று ஊரே விட்ட மூச்சில் தட்டுத் தண்ணீர் அலைந்து படம் கலைந்துபோனது. யாரும் கவலைப்படவில்லை. ஒருத்தி சும்மாவே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். வண்டியில் கட்டிய சட்டிபானைகளை இறக்கப் போனவர்கள், போகிற வழியெல்லாம் ஒருவரை ஒருவர், "நீதான மொதல்ல பயந்த?" என்று கேலி பேசிக்கொண்டு போனார்கள். பேச்சிமுத்து விளக்குமாற்றைத் தலைக்கு வைத்துக் கரையிலேயே படுத்துவிட்டான்.

முப்பிடாதி மட்டும் வடக்கு விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சிலந்தி வெள்ளைப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒரே பக்கம் உக்காந்துக்கிட்டு நான் சொன்ன ஒரு சொல்லு, ஒன்னையும் பிள்ளைகளையும் தீயில தள்ளியிருக்கும்" என்றாள். "எனக்கு வெக்கமா இருக்கு."

"தள்ளலையே. எந்திரிச்சு வந்தேல்லா, விடு."

"விட முடியல. ஒனக்கு ஏதாவது செய்யணும். கேளு."

சிலந்தி யோசித்தது. "அந்தக் குழிகளுக்குச் சிலந்தினே பேரு இருக்கட்டும்."

படுத்திருந்த பேச்சிமுத்து தலையைத் தூக்கினான். "அங்கதான் சிலந்தியே இல்லைனு ஆயிட்டே!"

"அதுக்குத்தான் கேக்கேன். குழினு பேரு மாத்திட்டா நீங்க எல்லாத்தையும் மறந்துருவிய. சிலந்தினு சொல்லும்போதெல்லாம், இல்லாததை இருக்குனு சொல்லி ஒருத்தியை அடிக்கப் போனமேனு ஞாபகம் வரும். அது போதும் எனக்கு."

மறுநாள் காலையில் முப்பிடாதியின் அடுப்படிச் சுவரில் பை பிரிந்து, கடுகு தெறித்த மாதிரி இருநூறு குஞ்சுகள் ஓடின. ஒரு வாரம் அவள் அந்த அடுப்படியைக் கூட்டவே இல்லை. பேச்சிமுத்து வந்து வாசலில் நின்று, உள்ளே கால் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வந்தான்.

அன்று முதல்தான், ஒரு சிலந்திகூட இல்லாத செவ்வாயின் தென்கோடிப் பனியில் அந்தக் குழிகளுக்குச் சிலந்தி என்று பேர். அன்று முதல்தான், வானத்திலிருந்து வந்த படத்தைக் கையில் வாங்குகிறவர்கள், இது இன்னது என்று வாய் திறக்கும் முன்னால், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.