முதற்குறி இல்லாத பானை

துன்முகி ஆண்டு, ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. விடியலில் தூறல்; முற்பகலில் சிறிது வெயில்; உச்சிப்பொழுதுக்குப் பின் வானம் மீண்டும் இருண்டு, காற்றே இல்லாமல் புழுங்கியது. அந்த நாட்டை அப்பொழுது எந்த அரசன் ஆண்டான் என்பதை மக்கள் மறந்துவிட்டார்கள். அவன் வென்ற போர்களையும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு புதன்கிழமையை மட்டும் செங்கால் ஆற்றங்கரையில் ஒருவரும் மறக்கவில்லை. அன்றுதான் அங்கே மழைக்கும் சுங்கம் விதித்தார்கள்.

மழைக்குச் சுங்கமா என்று சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

செங்கால் ஆற்றின் தென்கரையில் மணற்குடி என்றோர் ஊர். வடகரையில் சந்தையும் களிமண் குழியும். இரு கரைகளுக்கும் நடுவே ஒரு மரப்பாலம். பாலத்தைப் பழுதுபார்த்துக் காக்க வேண்டும், அதற்காக ஆளுக்கு ஒரு காசு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, அரசன் அதனை நாகமாணிக்கம் என்பவனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தான். நாகமாணிக்கம் காசு வாங்குவதில் ஒரு நாளும் தவறியதில்லை. பழுதுபார்ப்பதுதான் அவன் நினைவுக்கு வரவே இல்லை.

அந்தப் புதன்கிழமை, குயவர் தெருவைச் சேர்ந்த சிலம்பாயி, அக்கரையில் களிமண் வெட்டி இரண்டு கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தாள்.

“இரட்டைக் காசு” என்றான் நாகமாணிக்கம்.

“எதற்கு, ஐயா?”

“மண் நனைந்திருக்கிறது. நனைந்தால் கனக்கும். கனத்தால் பாலம் தேயும்.”

“களிமண் எப்பொழுதும் ஈரமாகத்தானே இருக்கும்?”

“அப்படியானால், உனக்கு எப்பொழுதும் இரட்டைக் காசு.”

சிலம்பாயி கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள்? மணற்குடி மண் வெறும் மணல், பானைக்கு உதவாது. கணவன் இறந்தபின் சக்கரத்தைத் தானே சுற்றிப் பிழைத்தவள் அவள். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை விற்றால்தான் ஆண்டு முழுவதும் அவள் அடுப்பு எரியும். களிமண் வராவிட்டால் சக்கரத்தை விற்றுவிட்டுத் தொலைவூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அண்ணியின் அடுப்பை ஊத வேண்டும். அந்த அண்ணியை நினைத்தாலே சிலம்பாயிக்கு நெஞ்சு எரிந்தது.

ஆகவே அவள் வீடு வீடாகச் சென்று ஊரைக் கூட்டினாள். அரசனுடைய அதிகாரி ஒருவர் மார்கழி ஐந்தாம் நாள் ஆண்டுதோறும் வந்து முறையீடு கேட்பார். அவரிடம் ஓலை கொடுப்பது என்று முடிவாயிற்று. அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

ஆனால் மணற்குடியில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்முறையீட்டில் எவர் தம் தொழிற்குறியைக் கையெழுத்தாக முதலில் இடுகிறாரோ, அவரே ஊருக்காகப் பேசுபவர். அவர் கொடுத்தால் ஊர் கொடுத்ததாகும். அவர் மீட்டுக்கொண்டால் ஊரே மீட்டுக்கொண்டதாகும். ஆகையால் முதற்குறியை இட எல்லாரும் துடித்தார்கள். இரண்டாம் குறியை இட ஒருவரும் முன்வரவில்லை.

முதற்கூட்டத்தில் இரண்டு நாழிகை வழக்காடினார்கள். உழவர் தலைவர் கொற்றவேள், “சோறு போடுபவன் நான், முதற்குறி எனக்கே” என்று வென்றார். மறுநாள் நாகமாணிக்கம் அவர் வீட்டுக்குச் சென்றான். அவருடைய வண்டிகளுக்கு மட்டும் சுங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். அன்று மாலையே கொற்றவேள் ஓலையை மீட்டுக்கொண்டார்.

“ஊருக்காகத்தானே குறி போட்டீர்கள், மாமா?” என்று கேட்டாள் சிலம்பாயி.

“நானும் ஊரில் ஒருவன்தானே, பெண்ணே!” என்றார் அவர், சிறிதும் கூசாமல்.

இழந்த வண்டிக்காசை ஈடுகட்ட, நாகமாணிக்கம் விலங்குகளின் காலுக்கு ஒரு காசு விதித்தான். சிலம்பாயியின் கழுதைகளுக்கு எட்டுக் கால்கள்.

இரண்டாம் கூட்டத்தில் மூன்று நாழிகை வழக்காடினார்கள். நெசவாளர் தலைவர் சடையப்பர், “மானம் மறைப்பவன் நான், முதற்குறி எனக்கே” என்று வென்றார். மறுநாள் நாகமாணிக்கம் அவர் வீட்டுக்குச் சென்றான். அன்று மாலையே சடையப்பர் ஓலையை மீட்டுக்கொண்டார்.

“நீங்களுமா, அண்ணே?”

“கொற்றவேள் வாங்கலாம், நான் வாங்கக் கூடாதா? அவருக்கு நான் எந்த வகையில் குறைந்தவன்?”

இழந்த துணிக்காசை ஈடுகட்ட, போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று சுங்கம் இரண்டாயிற்று.

மூன்றாம் கூட்டத்தில் ஒரு பகல் முழுவதும் வழக்காடினார்கள். செக்குக்காரர் தலைவர் திருமேனி, “விளக்கு எரிய வைப்பவன் நான்” என்று தொடங்கினார். அவர் முடிக்கும் முன்பே சிலம்பாயிக்கு முடிவு தெரிந்துவிட்டது. மறுநாள் மாலை அவரும் ஓலையை மீட்டுக்கொண்டார். இம்முறை அவள் போய்க் கேட்கவில்லை. அவரே தெருவில் அவளை நிறுத்தி, “என்மேல் ஏதாவது வருத்தமா, தங்கச்சி?” என்றார்.

“எனக்கு என்ன வருத்தம், அண்ணே? உங்கள் மூவருக்கும் பாலம் இருக்கிறது. எங்களுக்கு ஆறு இருக்கிறது. நீந்திக்கொள்கிறோம்.”

இழந்த எண்ணெய்க்காசை ஈடுகட்ட, பாலத்தின்மேல் நின்று மூச்சு வாங்குபவர்களுக்கும் ஒரு காசு என்று ஆயிற்று. கால் நொந்த கிழவர்கள் பாலத்தின்மேல் ஓடினார்கள். அதைப் பார்த்தும் ஊருக்குப் புத்தி வரவில்லை. “அடுத்த ஓலையில் முதற்குறி யாருக்கு?” என்பதே ஊர் முழுவதும் பேச்சு. மூன்று தலைவர்களும், ஒருமுறை முதலில் நின்றவர்கள் ஆதலால், மறுமுறையும் தமக்கே உரிமை என்றார்கள். சலுகை எவ்வளவு இருந்தாலும் முதலிடத்தின் மேல் ஆசை தீர்வதில்லை.

சிலம்பாயி வீட்டுக்கு வந்து, சக்கரத்தின் முன்னே அமர்ந்தாள். கொட்டிலில் எஞ்சியிருந்தது பத்துப் பானைக்குரிய மண். அதற்குமேல் ஒரு பிடி வாங்கிவரவும் வழியில்லை. பத்துப் பானையை விற்று எத்தனை நாள் உண்பது? சினத்தோடு சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். சுற்றும் சக்கரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு எழுந்தாள். பத்துப் பானைக்குரிய மண் முழுவதையும் மிதித்துப் பிசைந்து, ஒரே பானையாக வனைந்தாள். ஒரு நெல்மூட்டை கொள்ளும் அளவுக்குப் பெரிய பானை.

ஈரம் காய்வதற்குள் அதை மாட்டுவண்டியில் ஏற்றி, ஊர்ப்பொதுவில் கொண்டுபோய் வைத்தாள். அதன் வயிற்றில் “பாலத்துச் சுங்கம் பழையபடி ஆதல் வேண்டும்” என்று கீறியிருந்தாள்.

“ஓலை மழையில் நனைகிறது, கறையான் அரிக்கிறது. இந்த முறை குறியைப் பானையின் தோளில் பதியுங்கள்” என்றாள்.

கொற்றவேள் ஏர்க்குறியோடு வந்தார். பானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “இதில் முதலிடம் எது, பெண்ணே?”

“நீங்கள் நிற்கும் இடந்தான், மாமா.”

அவர் மகிழ்ச்சியோடு பதித்துவிட்டுப் போனார். சடையப்பர் தறி நாடாக்குறியோடு வந்து, மறுபுறம் நின்று கேட்டார்.

“நீங்கள் நிற்கும் இடந்தான், அண்ணே.”

திருமேனி செக்குக்குறியோடு வந்து, இன்னொரு புறம் நின்று கேட்டார். அவருக்கும் அதே விடை. அதன்பின் தச்சர், மீன் பிடிப்போர், உப்பு விற்போர், கூடை முடைவோர் என்று ஊரே வந்து கேட்டது. ஊருக்கெல்லாம் அதே விடை. சொல்லிச் சொல்லிச் சிலம்பாயிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் அன்று ஒரு சண்டையும் இல்லை. ஊரின் நாற்பது தொழிலாருடைய குறிகளும் வட்டமாக விழுந்து முடிந்தன. பானை நிழலில் உலர்ந்தது, சூளையில் வெந்தது, நல்ல காலமாக, வெடிக்கவில்லை.

நாகமாணிக்கம் வழக்கம்போலப் புறப்பட்டான். கொற்றவேளிடம் போய், “முதற்குறி யாருடையது?” என்றான். “என்னுடையது” என்றார் அவர். சடையப்பரிடம் போனான், “என்னுடையது” என்றார் அவரும். திருமேனியிடம் போனான், “இதென்ன கேள்வி? என்னுடையதுதான்” என்றார். எவருக்கு எழுதிக் கொடுப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில், பெயரே எழுதாமல் ஓர் ஓலை எழுதி முத்திரையிட்டு வைத்துக்கொண்டான்.

மார்கழி ஐந்தாம் நாள் அதிகாரி வந்து பாலத்தடியில் அமர்ந்தார். பானையை அவர்முன் இறக்கினார்கள். நாகமாணிக்கம் முந்திக்கொண்டான்.

“ஐயா, இவ்வூர் வழக்கப்படி முதற்குறி இட்டவர் இணங்கினால் முறையீடு முடிந்தது. அவருக்கு ஆயுள் முழுவதும் சுங்கம் இல்லை என்று எழுதி, முத்திரையும் இட்டிருக்கிறேன். இதோ ஓலை.”

அதிகாரி ஓலையை வாங்கிக்கொண்டார். பானையைத் தாமே சுற்றிப் பார்த்தார். ஏர் கண்டார், நாடா கண்டார், செக்குக் கண்டார். தொடக்கத்தை மட்டும் காணவில்லை. மீண்டும் சுற்றினார். மூன்றாம் முறை சுற்றியபின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“முதற்குறி யாருடையது?”

“என்னுடையது!” என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஒவ்வொருவரும் மற்றவர்களைத் திரும்பி முறைத்தார்கள்.

“பானை செய்தவள் யார்? நீயா, அம்மா? நீ சொல், முதல் எது?”

“ஐயா, இந்த விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று தாங்கள் காட்டுங்கள், நான் முதற்குறியைக் காட்டுகிறேன்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நாகமாணிக்கத்தைப் பார்த்தார்.

“உன் ஓலையைப் படித்தேன். முதற்குறிக்கு உரியவருக்கு ஆயுள் முழுவதும் சுங்கம் இல்லை. நாற்பது பேரும் உரியவர்கள் என்கிறார்கள்; இல்லை என்று மறுக்க என்னிடம் சான்றில்லை. அவர்கள் குறி, தத்தம் தொழிலார் அனைவருக்கும் உரிய குறி. ஆக, இந்த ஊரில் ஒருவரும் இனிச் சுங்கம் தர வேண்டாம். இந்த ஓலையை நிறைவேற்றட்டுமா? அல்லது முறையீட்டில் கேட்டபடி பழைய சுங்கத்தை ஏற்கிறாயா?”

நாகமாணிக்கம் தன் ஓலையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

“பழைய சுங்கமே போதும், ஐயா.”

“நல்லது. இதற்குமுன் இப்படி எத்தனை ஓலை எழுதினாய்?”

கொற்றவேளும் சடையப்பரும் திருமேனியும் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்தது இது. அன்றே ஆளுக்கு ஒரு காசு என்று பழைய சுங்கம் மீண்டது. கூடுதலாக வாங்கிய காசைக் கொண்டு நாகமாணிக்கம் பாலத்துக்கு எழுபது பலகைகள் மாற்ற வேண்டும் என்று அதிகாரி தீர்ப்பளித்தார். அவன் ஐம்பத்தெட்டு மாற்றினான். மூன்று தலைவர்களின் சலுகை ஓலைகளும் கிழிக்கப்பட்டன. அவர்கள் அதன்பின் ஓராண்டு சிலம்பாயியோடு பேசவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. தீர்ப்புக்கு மறுநாள் காலையே அவள் இரண்டு கழுதைகளோடு அக்கரைக்குப் போய் மண் கொண்டுவந்தாள். நாள் குறைவாக இருந்ததால், அந்தப் பொங்கலுக்கு வழக்கமாக வனையும் பானைகளில் பாதிதான் முடிந்தது. வனைந்தவை அனைத்தும் விற்றுப்போயின. அவள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே, கேட்டவர்களே, எல்லாருக்கும் பொதுவான துன்பத்தை நீக்கப் புறப்படுகிறவர்கள், தமக்குள் முதல்வர் யார் என்ற வழக்கை விட்டால்தான் வெல்வார்கள்.