கவச உடையில் எழுதிய பெயர்

கதை கேட்பவர்களுக்கு ஒரு நிபந்தனை. முடிந்ததும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போகக் கூடாது. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கொரோனா இரண்டாம் அலை ஊரையே புரட்டிப் போட்ட நேரம். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தமயந்தி, ஜெசிந்தா என்று இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். தமயந்தி மூத்தவள், நிரந்தரப் பணி. ஜெசிந்தா ஒப்பந்தத்தில் வந்தவள். ஒரு புகார் போதும், வேலை போய்விடும். தலைமுதல் கால்வரை கவச உடை மாட்டிக்கொண்டால் டாக்டர் யார், நர்ஸ் யார், பெருக்குகிறவர் யார் என்று அடையாளமே தெரியாது. அதனால் ஆளாளுக்கு நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டுதான் வார்டுக்குள் போவார்கள். உள்ளே முகம் கிடையாது. குரலும் இரட்டை மாஸ்க்குக்குள் அமுங்கிவிடும். எழுதிய பெயர்தான் ஆள்.

ஜெசிந்தாவின் வார்டில் கோதண்டபாணி என்றொரு பெரியவர் கிடந்தார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினால் மூச்சே அடைக்கிறது என்று பிடுங்கி எறிவார். டாக்டர் அதட்டிப் பார்த்தார், மகன் போனில் அழுது பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. ஜெசிந்தாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "என் கையைப் பிடிச்சுக்குங்க ஐயா. முடியலைன்னா அமுக்குங்க, உடனே எடுத்துடறேன்" என்றாள். அவர் அமுக்கியபோதெல்லாம் சொன்னபடி எடுத்தாள். அவரைக் கேட்டுக்கொண்டே திரும்ப மாட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைத் தவிர வேறு யாரையும் அவர் கிட்டே சேர்க்கவில்லை.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களின் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து வீட்டாருக்குக் காட்டுவது. ஒரு நாள் போனில் ஒரு குழந்தை, "அப்பா ஏன் பேச மாட்டேங்கிறாரு ஆன்ட்டி? எழுப்பி விடுங்க" என்று விடாமல் கேட்டது. மறுநாள் கவச உடைக்குள் காலை விட்ட ஜெசிந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜிப்பை இழுக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் அந்தக் குழந்தையின் குரல்.

தமயந்தி அவளைக் கண்காணிப்பாளர் அய்யம்பெருமாளிடம் கூட்டிப்போனாள்.

"காய்ச்சல் இருக்கா?" என்றார் அவர்.

"இல்ல சார். மனசு தாங்கல இவளுக்கு. ஒரு வாரம் வீட்ல இருந்தா சரியாயிடுவா."

"டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா லீவு. அழுகைக்கெல்லாம் லீவு கிடையாதும்மா. வெளியில ஜனங்க உங்களை தெய்வம்ங்கறாங்க. தெய்வம் லீவு கேக்குமா?"

தெய்வமாம்! மனுஷி என்று ஒப்புக்கொண்டால் சோறும் தூக்கமும் கொடுத்தாக வேண்டும். தெய்வம் என்றால் சூடம் காட்டினால் போதும். தமயந்தி ஜெசிந்தாவை வெளியே கூட்டிவந்தாள். "நீ வீட்டுக்குப் போடி. வர்றதை நான் பாத்துக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் பெரியவர் நினைவுக்கு வந்தார். போய்ப் பார்த்தால், மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு "ஜெசிந்தாம்மா எங்க?" என்று திணறிக்கொண்டிருந்தார். தமயந்தி வெளியே வந்தாள். புது உடையின் நெஞ்சில் "ஜெசிந்தா" என்று எழுதிக்கொண்டு உள்ளே போனாள். பெரியவர் எழுத்தைப் படித்தார், கையை நீட்டினார், மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். அவர் அமுக்கியபோதெல்லாம், ஜெசிந்தா சொல்லியிருந்தபடியே, இவளும் எடுத்தாள். அன்றிலிருந்து தன் வார்டு வேலை முடிந்ததும் ஓய்வறைக்குப் போகாமல் அவரிடம் போய் உட்கார்வது அவளுக்கு வழக்கமாயிற்று. இருந்த ஆள் பற்றாக்குறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. பெரியவர் பிழைத்து வீடு போனார்.

குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம். பணிக்கு வராத ஜெசிந்தாவுக்கு மெமோ வந்தது. ஓய்வில்லாமல் ஓடி, வார்டில் நின்றபடியே கண் அசந்த தமயந்திக்கும் ஒரு மெமோ.

அலை அடங்கியதும் பாராட்டு விழா வைத்தார்கள். அதே நாளில்தான் ஜெசிந்தாவை விசாரணைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, கோதண்டபாணி பொன்னாடையும் கையுமாக மேடையேறினார்.

"ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. கடைசி நாள் வரைக்கும் என் கையை விடல. மொகத்தைப் பாத்ததில்ல. யாரும்மா நீ? எந்திரி தாயி."

அய்யம்பெருமாள் பாய்ந்து மைக்கை வாங்கினார். "ஜெசிந்தா எங்க குடும்பத்துப் பொண்ணு. குடும்பத் தலைவனா அவங்க சார்புல நானே வாங்கிக்கறேன்" என்று கழுத்தை நீட்டினார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்!

ஜெசிந்தா தமயந்தியின் காதோரம், "கடைசி வரைக்கும் இருந்தது நீங்கதான்க்கா. நீங்க எந்திரிங்க" என்றாள். உண்மையைச் சொன்னால் ஜெசிந்தா ஓடிப்போனவள் என்பது சபையிலேயே உறுதியாகிவிடும், வேலை போகும். சொல்லாவிட்டால், நம்பிக் கை கொடுத்த பெரியவரை ஏமாற்றியதாகும்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பொன்னாடை யாருக்குச் சேர வேண்டும்? தமயந்தி என்ன செய்தால் சரி?

விடை இது. தமயந்தி எழுந்து, ஜெசிந்தாவையும் தூக்கி நிறுத்தி, "இவதான் ஐயா ஜெசிந்தா" என்றாள். அதில் பொய் இல்லை. அமுக்கினால் எடுத்துவிடுவேன் என்று சொல்லி, சொன்னபடி நடந்த ஒருத்தியை நம்பித்தான் பெரியவர் கையை நீட்டினார். தமயந்தி பட்ட பாடு கொஞ்சமல்ல, ஆனால் அவள் கட்டிக்காத்தது ஜெசிந்தா கொடுத்த வாக்கை. "இவள் வேலைக்கே வரவில்லை" என்று அய்யம்பெருமாள் மறுக்கலாமே என்றால், வராதவள் இடத்தில் இன்னொருத்தியை நின்றபடியே கண் அசரும்வரை ஓடவிட்டது யார் என்பதையும் அதே மைக்கில் சொல்ல வேண்டும். அவர் மைக்கை வைத்துவிட்டு ஒதுங்கினார், பெரியவர் இறங்கி வந்து பொன்னாடையை ஜெசிந்தாவுக்குப் போர்த்தினார். ஒரு வார லீவுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் புதிரே இருந்திருக்காது. ஜெசிந்தா தோளில் விழுந்த பொன்னாடையைக் கழற்றவில்லை. அப்படியே விசாரணை அறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கேளுங்க சார்" என்றாள்.