ராஜாவிடம் தோற்கும் உத்தியோகம்

செங்காட்டூர் ராஜா குமாரகேசரிக்கு மல்யுத்தத்தில் தோல்வியே கிடையாது. தோற்பதற்கென்றே அரண்மனையில் படியரிசி கொடுத்து ஆள் வைத்திருந்தால் எப்படித் தோற்பார்?

அந்த ஆள் பெத்தணன். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருப்பான். தினமும் காலையில் ராஜா கோதாவில் இறங்குவார். "ஹும்!" என்று அவன் தோளில் கை வைப்பார். பெத்தணன் "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு பறந்துபோய் விழுவான். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு பலகாரம் சாப்பிடப் போவார். சங்கதி ஊருக்கே தெரியும், ராஜாவைத் தவிர.

ஒருநாள் பக்கத்துச் சமஸ்தானத்திலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் முன்னால் கொஞ்சம் ஜோராகத் தோற்றுக் காட்டுவோம் என்று பெத்தணன் எம்பிப் பறந்தான். கோதாவையும் தாண்டிப் போய்க் கல்தூணில் மோதினான். இடுப்பு போயிற்று.

அரண்மனை வேலையில் அடிபட்டவனுக்கு, எழுந்து நடமாடும்வரை அரிசியும் வைத்தியமும் கொடுப்பது அங்கே வழக்கம். பெத்தணன் மனைவி சீனிப்பேச்சி அதைக் கேட்டுப் பிரதானி வேதாசலத்திடம் போனாள். அரிசி மூட்டையை யாருக்கும் அவிழ்க்காமலே பெரிய உத்தியோகத்துக்கு வந்த மனிதர் அவர்.

"உன் புருஷன் தானா விழுந்தானா, ராஜா தள்ளினாரா?" என்று கேட்டார்.

சீனிப்பேச்சி வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"தானா விழுந்தான்னா, வேணும்னே செஞ்சுக்கிட்டது. அரிசி கிடையாது. ராஜா ஜெயிக்கலைன்னு வேற ஆயிடும், தலையும் கிடையாது. ராஜா தள்ளினார்னா அது காயமே இல்லை, பிரசாதம். கோயில்ல விபூதி பூசிக்கிட்டு நஷ்டஈடு கேப்பியா? போ, போ!"

சீனிப்பேச்சி நேரே ஒச்சப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒச்சப்பன் ராஜசபையில் விகடம் பேசுகிறவன். அதற்கு முன்னால் மாட்டுத் தரகன். சந்தையில் மிதிபட்டே பேரம் படித்தவன். கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும்.

"அவரு கட்டிலை விட்டு எந்திரிக்கலண்ணே. பானையில அரிசி இல்ல. ராஜாகிட்ட முறையிடலாம்னா, தலை போயிடும்னு பிரதானி மிரட்டுறாரு. பட்டது காயமில்ல, பிரசாதமாம்."

"பிரசாதமாமே, பிரசாதம்!" ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "பிரசாதத்தை ஒருத்தனே திங்கலாமா தாயி? நாலு பேருக்குப் பங்கு வைக்கணும்ல? நாளைக்கு அவனைக் கட்டிலோட சபைக்குத் தூக்கிட்டு வா."

மறுநாள் கட்டில் வந்தது. ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்னடா பெத்தணா, கொஞ்சம் பலமாத் தள்ளிட்டேனோ?"

"மலை சாஞ்ச மாதிரி இருந்துச்சு, மகாராஜா."

பிரதானி மெல்லச் சிரித்தார். பிரசாதம் உறுதியாகிவிட்டதே!

ஒச்சப்பன் முன்னால் வந்தான். "மகாராஜா, நான் வந்தது இவனுக்காக இல்லை. பிரதானிக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்திருக்கு."

"எனக்கா?" என்றார் பிரதானி.

"உங்க கைபட்டு ஒடியிற இடுப்பு பிரசாதம்னு அவரே தீர்ப்புச் சொல்லிட்டார். அதை இந்தத் தடியன் ஒருத்தனே வாங்கிக்கிட்டுக் கிடக்கான். இத்தனை வருஷம் மாடா உழைச்ச பிரதானிக்கு ஒரு சுளுக்குகூடக் கொடுக்கலையே நீங்க!"

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. பெத்தணன் படுத்ததிலிருந்து கையும் அரித்துக்கொண்டிருந்தது. "அடடா! வேதாசலம், வாயைத் திறந்து கேட்கக் கூடாதா? இறங்கும் கோதாவில்!"

"மகாராஜா, எனக்கு வாயு..."

"அதுவும் சேர்ந்து போயிடும்!"

கோதாவில் ராஜா, பிரதானியின் தோளில் கை வைத்தார். "ஹும்!"

பிரதானி அசையவில்லை. அசையக்கூடாது என்றில்லை, அந்த மனிதருக்கு விழுந்து பழக்கமில்லை. ராஜாவின் பலமும் அவ்வளவுதான்.

"ஹும்! ஹும்!"

பிரதானி நட்ட கம்பமாக நின்றார். ராஜாவின் மீசை தொங்க ஆரம்பித்தது.

ஒச்சப்பன் கோதா ஓரத்தில் குனிந்து பல்லைக் கடித்தான். "என்னய்யா நிக்கிறீரு? ராஜா தோத்தா உம்ம தலை எங்கேய்யா இருக்கும்?"

"ஐயோ அம்மா!" என்று பிரதானி துள்ளினார். மூன்று குட்டிக்கரணம் அடித்தார். அதே தூண். அதே இடுப்பு.

"இடது பக்கமா விழணும் சாமி, வலிக்காது" என்றான் பெத்தணன் கட்டிலிலிருந்து.

"வைத்தியர்! வைத்தியரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார் பிரதானி.

ஒச்சப்பன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "வரச் சொல்றேன். நீரா விழுந்தீரா, ராஜா தள்ளினாரா?"

பிரதானி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, ராஜாவைப் பார்த்துவிட்டு மூடினார்.

ஒச்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டான். மாட்டுச்சந்தைப் பேரம் அப்படித்தான்: துண்டுக்கடியில் விரல் பேசும், வாய் பேசாது. ஒரு விரலைப் பிடித்தான், பெத்தணன் அரிசிக்கு. பிரதானி பாதி விரலை நீட்டினார். ஒச்சப்பன் அழுத்திய அழுத்தில் அவருக்கு இடுப்பு வலியே மறந்துபோயிற்று. அடுத்த விரல் வைத்தியத்துக்கு. இன்னொன்று, சீனிப்பேச்சியைப் "போ, போ" என்று விரட்டியதற்கு.

"படிஞ்சுது!" என்று எழுந்தான்.

தரையில் கிடந்தபடியே பிரதானி தீர்ப்பை மாற்றினார். "அரண்மனை வேலையில அடிபட்டா காயம் காயம்தான். தானா விழுந்தியா, தள்ளினாங்களான்னு எவனும் கேட்கக் கூடாது. எந்திரிச்சு நடக்கிறவரைக்கும் அரிசி, வைத்தியம். அவன் வீட்டுக்கு இன்னிக்கே ஒரு மூட்டை போகணும். அப்படியே... என் வீட்டுக்கும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை இடுப்பு ஒடியாமல் விழுந்தவர் அவர் ஒருத்தர்தான். "ஒரே தூண்! ரெண்டு இடுப்பு! இந்தக் கையைப் பார்த்தீங்களா? ஒச்சப்பா, உன்னாலதான் இந்த வெற்றி. உனக்கும் பிரசாதம் உண்டு!" என்று தோளைத் தட்டிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

ராஜா இன்னும் கையைத் தூக்கவில்லை. ஒச்சப்பன் துண்டைத் தரையில் விரித்து, இடது பக்கமாகச் சாய்ந்து, சௌகரியமாகப் படுத்துவிட்டான்.

"நான் தோத்தாச்சு மகாராஜா. நீங்க பலகாரம் சாப்பிடப் போங்க."