மருதாயி என்று கூப்பிட்டபோது

அந்தக் காலத்தில், காக்கையும் எருமையும் நம்மோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த நாளில், யாருக்கும் பெயர் என்று ஒன்று கிடையாது. "ஏய்", "ஓய்", "இந்தாப்பா", அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் கோரைப்பாய் முடைகிற ஒருத்திக்குப் பெண் பிறந்தது. மருத மரத்தடியில் பிறந்ததால் மருதாயி என்று பெயர் வைத்தாள். உலகத்திலேயே முதல் பெயர்! சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் கரைமேட்டில் ஏறி, "எம் மக பேரு மருதாயி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்தலாமா? அதுதான் வினையாகப் போயிற்று.

ஊருக்கு அந்தப் பெயர் தித்தித்துவிட்டது. தவழ ஆரம்பித்த மருதாயி தின்னாமல் எறிந்த சோற்றைக் கொத்திய காக்கை, மிச்சச் சோற்றுக்கே "மருதாயி" என்றது. அவள் விழுந்து புரண்ட சேற்றுக்குட்டையை எருமை "மருதாயி" என்றது. அவள் அழுதால் கூரை அதிரும். ஆகவே இடிக்கும் அதே பெயர். "மேக்கே மருதாயி உறுமுது, நெல்லை அள்ளு" என்பான், பெற்ற அப்பனே!

"அது எம் பிள்ளை பேருய்யா!" என்று அம்மா எல்லாரிடமும் சண்டைக்குப் போனாள். யார் கேட்டார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிள்ளை வளர்ந்தது. ஒருநாள், "அம்மா, சட்டியில மருதாயி மிச்சம் இருக்கு" என்றது. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடியே, அது உம் பேருடி!"

"போம்மா, அது சோறு" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டது.

ஆடி மாதம். ஆறு வறண்டு கிடந்தது, நடுமணலில் பிள்ளை வீடு கட்டி விளையாடியது. கரையில் கோரை அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தால், மலையில் பெய்த மழை ஆள் உயரத்துக்கு வெள்ளமாய் வருகிறது!

"மருதாயீ! மருதாயீ!"

காக்கைகள் இறங்கி, "எங்கே சோறு?" என்றன. எருமை குட்டையைப் பார்த்து நடந்தது. அப்பன் அண்ணாந்து, "வெயிலுதானே அடிக்குது, இடி ஏது?" என்றான். பிள்ளை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எனக்கு வேணாம்மா, காக்காய்க்குப் போடு!"

ஐயோ, அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. வெள்ளம் மணல் வீட்டையும் கொண்டுபோயிற்று, பிள்ளையையும் கொண்டுபோயிற்று.

பெயர் மட்டும் போகவில்லை. காக்கை "மருதாயி" என்றால் அம்மா வாசலுக்கு ஓடுவாள். அங்கே சோறுதான் கிடக்கும்.

மறு வருஷம் இன்னொரு பிள்ளை பிறந்தது. காக்கை கூரையில் வந்து உட்கார்ந்து, "இதுக்கு என்ன பேரு? சத்தமாச் சொல்லு!" என்றது. அவள் ஒரு கல்லை எடுத்து வீசினாள். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காமல், பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னாள்.

"நீ முதல்ல கேட்டுக்கடா கண்ணு. இது சோறில்ல, சேறில்ல. இது நீ."

அன்று முதல்தான், எந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும், ஊருக்குச் சொல்லும் முன்னே அதன் காதில் மூன்று தடவை சொல்கிறோம்.